மறுக்கும் உரிமையும் மீள்குடியமர்வும்: பேரிடருக்குப் பிந்தைய சமூகவழி மறுகட்டமைப்பு – நாகப்பட்டினக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பேரிடருக்குப் பின் வீடுகளை மீண்டும் கட்டும்போதும் மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும்போதும் ‘மக்கள் பங்கேற்பு’ என்னும் தொடர் இன்று அரசாணைகளிலும் நிதியுதவித் திட்டங்களிலும் தவறாது இடம்பெறுகிறது. அத்தொடர் உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கடற்கரையில் நிகழ்ந்த வீட்டு மறுகட்டமைப்பை முதன்மைக் களமாகவும், பெருவின் யுங்காய், மகாராஷ்டிரத்தின் லாத்தூர், குஜராத்தின் கட்ச் ஆகியவற்றை ஒப்புநோக்குக் களங்களாகவும் இது கொள்கிறது. இடமாற்றத்தை மறுக்கும் குடும்பம் அம்மறுப்புக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் விலையே சமூகவழி மறுகட்டமைப்பின் தரத்தை அளக்கும் முதன்மை அளவுகோல் என்பதும், சமூகத்தின் பெயரால் பேசுவோர் யார் என்பது அதனோடு பிரிக்கவியலாத வினா என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பேரிடர், மறுகட்டமைப்பு, மீள்குடியமர்வு, நெய்தல் நிலம், ஊர்ப் பஞ்சாயத்து, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், ஆழிப்பேரலை

1. முன்னுரை

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அவ்வூரை நோக்கிச் சென்ற பயணிகள் தொடர்வண்டி கடலில் மூழ்கியது. அதன்பின் அவ்விடம் மக்கள் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது. அறுபது ஆண்டுகள் கடந்தும் மீனவக் குடும்பங்கள் அங்கே கீற்றுக் குடிசைகளில் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அறிவிப்பு அரசின் ஏட்டில் இருக்கிறது. அடுப்புப் புகை மணல்வெளியில் இருக்கிறது.

இந்நிலையை இருவகையாக விளக்குவது வழக்கம். ஆபத்தை உணராத பிடிவாதம் என்பது ஒரு விளக்கம்; பிழைப்புக்கு வேறு வழியின்மை என்பது மற்றொன்று. இரண்டும் முழு விடையாகா. எங்கு வாழ்வது என்னும் முடிவை எடுத்தவர்களும் அம்முடிவின் விளைவைச் சுமப்பவர்களும் வெவ்வேறானவர்களாக இருப்பதே சிக்கலின் வேர்.

தமிழ் மரபுக்கு இவ்வினா புதிதன்று. இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோள் செய்தி, ஒரு வகையில் இடப்பெயர்வின் கதையே. கடல் நிலத்தைக் கொள்ள, சங்கம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சென்றதாக அவ்வுரை கூறுகிறது. அதன் வரலாற்று உண்மை இங்கு நம் ஆய்வுக்குரியதன்று. ஆயினும் ஒன்றைக் குறிப்பிடலாம்: அவ்வுரையில் அரசர்களும் புலவர்களும் எண்ணப்படுகின்றனர், கரையோரம் வாழ்ந்த பரதவர் எங்குச் சென்றனர் என்னும் செய்தி அங்கு இல்லை. பேரிடர் ஆவணங்களில் இவ்விடைவெளி இன்றும் நிரம்பவில்லை. எத்தனை வீடுகள் கட்டப்பட்டன என்பதை அவை துல்லியமாகக் கூறுகின்றன. அவ்விடத்திற்குச் செல்ல விரும்பாதவர்கள் என்ன ஆயினர் என்பதை அரிதாகவே கூறுகின்றன.

2. கருத்தாக்க விளக்கம்

பேரிடருக்குப் பிந்தைய வீடமைப்பு முறைகளை மூன்றாகப் பகுத்துக் காணலாம். முதலாவது ஒப்பந்ததாரர்வழிக் கட்டுமானம். அரசோ தொண்டு நிறுவனமோ நிதியளிக்க, ஒப்பந்ததாரர் ஒரே மாதிரியான வீடுகளைக் கட்டி ஒப்படைக்கிறார். பயனாளி சாவியைப் பெறுகிறார். இரண்டாவது உடைமையாளர்வழிக் கட்டுமானம். நிதியும் தொழில்நுட்ப உதவியும் குடும்பத்திடம் நேரடியாக வழங்கப்படுகின்றன. கட்டும் பொறுப்பும் தெரிவும் குடும்பத்திற்கு உரியவை. மூன்றாவது சமூகவழிக் கட்டுமானம். ஊரின் அமைப்பு, மனைப் பங்கீடு, பொது இடங்கள், பயனாளிகள் பட்டியல் ஆகியவற்றை ஊரார் கூடி முடிவு செய்கின்றனர், நிறுவனம் துணைநிற்கிறது. நடைமுறையில் இம்மூன்றும் கலந்தே வருகின்றன. எனவே ஒரு திட்டம் தன்னை எப்பெயரால் அழைத்துக்கொள்கிறது என்பதைவிட, எந்த முடிவு யாரிடம் இருந்தது என்பதையே ஆய்வாளர் நோக்க வேண்டும்.

இதற்கு உதவும் கருத்தாக்கங்கள் சிலவற்றை இங்குச் சுட்டலாம். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடிப்படியில் மக்களை வெறுமனே இசையவைக்கும் சூழ்ச்சி இருக்கிறது. கலந்தாலோசனை நடுப்படிகளுள் ஒன்று. மேற்படியில் மக்களின் கட்டுப்பாடு இருக்கிறது. கருத்தைக் கேட்பதும் அதிகாரத்தைப் பகிர்வதும் ஒன்றல்ல என்பதே அவர் வாதத்தின் சாரம். வீடு என்பதைக் கட்டிமுடிக்கப்பட்ட பொருளாக மட்டும் பாராமல், மக்கள் செய்துகொண்டேயிருக்கும் ஒரு செயலாகக் காண வேண்டும் என்று ஜான் டர்னர் 1970களில் எழுதினார். பேரிடரின்போது உயிர்தப்பியோரே முதல் கட்டுநர்கள் என்பதை இயன் டேவிஸ் 1978இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

இடமாற்றம் பற்றிய ஆய்வில் மைக்கேல் செர்னியாவின் வறுமைப்படல் இடர் மாதிரி தவிர்க்கவியலாதது. நிலமிழப்பு, வேலையிழப்பு, வீடிழப்பு, விளிம்புநிலைப்படல், உணவுப் பாதுகாப்பின்மை, நோயும் இறப்பும் மிகுதல், பொதுவளங்களை அணுகும் வாய்ப்பை இழத்தல், சமூகப் பிணைப்புச் சிதைவு என எட்டு இடர்களை அவர் வகுத்தார். அணைகள் போன்ற வளர்ச்சித் திட்டங்களால் பெயர்க்கப்பட்டோரை முன்வைத்து உருவான மாதிரி அது. எனினும் பேரிடர் இடமாற்றத்திற்கும் அது பொருந்துகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: பேரிடருக்குப் பின் வீடிழப்பு ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. ஆகவே திட்டமிடுவோர் அந்த ஓர் இழப்பை ஈடுசெய்வதிலேயே முழுக் கவனத்தையும் செலுத்துகின்றனர். அந்த ஈடுசெய்தலே மற்ற ஏழு இடர்களுக்கும் காரணமாகிவிடக்கூடும்.

3. மூன்று முன்னிகழ்வுகள்

1970 மே 31 அன்று பெருவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் உவாஸ்கரான் மலையிலிருந்து சரிந்த பனியும் பாறையும் யுங்காய் நகரைப் புதைத்தன. உயிர்தப்பிய சில நூறு பேரையும் சுற்றுப்புறத்தாரையும் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறோர் இடத்திற்கு மாற்ற அரசு திட்டமிட்டது. அவர்கள் மறுத்தனர், புதைந்த நகருக்கு அருகிலேயே புதிய யுங்காயை எழுப்பினர். இதனைக் களத்தில் இருந்து ஆராய்ந்த மானிடவியலாளர் அந்தோணி ஆலிவர்-ஸ்மித், அம்மறுப்பே சிதறிக்கிடந்தோரை மீண்டும் ஒரு சமூகமாக்கியது எனக் காட்டினார். மறுப்பு வளர்ச்சிக்குத் தடை என்று கருதப்பட்ட காலத்தில், அதுவே மீட்சியின் தொடக்கமாக இருக்கக்கூடும் என்பதை இக்களம் உணர்த்தியது.

1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களைத் தாக்கிய நிலநடுக்கத்திற்குப் பின் 52 ஊர்கள் புதிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த இத்திட்டத்தில் ஊரார் கருத்துக் கேட்கப்பட்டது. ஆயினும் புதிய ஊர்கள் நகர விரிவாக்கங்களைப் போல நேர்க்கோட்டுத் தெருக்களாக, பழைய ஊரைவிடப் பன்மடங்கு பரந்த நிலத்தில் அமைந்தன. உறவினர் அடுத்தடுத்து வாழ்ந்த பழைய நெருக்கமும், வாடா என்னும் முற்றம் சூழ்ந்த வீட்டமைப்பும் அவற்றில் இடம்பெறவில்லை. இடமாற்றப்படாத ஊர்களில் மக்கள் உதவித்தொகை பெற்றுத் தம் வீடுகளைத் தாமே பழுதுபார்த்து வலுவூட்டினர்.

இவ்வனுபவம் அடுத்த நிகழ்வில் பயன்பட்டது. 2001 சனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்திற்குப் பின், ஊர்களை ஒட்டுமொத்தமாக இடம்மாற்றும் எண்ணம் முதலில் முன்வைக்கப்பட்டது. பெரும்பாலான ஊர்கள் அதனை ஏற்கவில்லை. அரசும் தன் நிலையை மாற்றிக்கொண்டது. உதவித்தொகை தவணைகளாகக் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது; கொத்தனார்களுக்கு நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது; பொறியாளர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்த்த பின்னரே அடுத்த தவணை வந்தது. இங்கு நோக்கத்தக்கது, இடமாற்றத்தை மறுத்த குடும்பமும் உதவித்தொகைக்கு உரியதாகவே இருந்தது என்பதாகும். மறுப்புக்கு விலை இல்லை. இதனை மனத்திற்கொண்டு நாகப்பட்டினத்தைக் காண்போம்.

4. நாகப்பட்டினம்: அரசாணைகளும் 200 மீட்டரும்

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திரா அருகே நிகழ்ந்த கடலடி நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலையால் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 6,000க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி முதலிய இடங்களில் இழப்பு மிகக் கடுமையாக இருந்தது. ஆற்று முகத்துவாரங்களையும் தாழ்நிலங்களையும் ஒட்டிய ஊர்களில் நீர் வெகுதூரம் உட்புகுந்தது. மணல்மேடுகள் காத்த இடங்களில் சேதம் குறைவாயிற்று.

மறுகட்டமைப்புக்கான கொள்கை வியக்கத்தக்க விரைவில் உருவாயிற்று. 2005 சனவரி 13 நாளிட்ட வருவாய்த்துறை அரசாணை எண் 25, தொண்டு நிறுவனங்களும் தனியாரும் அரசோடு இணைந்து வீடுகள் கட்ட வழிவகுத்தது. ஒரு வீட்டின் மதிப்பு ரூ.1,50,000 எனவும் பரப்பு சுமார் 300 முதல் 325 சதுர அடி எனவும் வரையறுக்கப்பட்டன. இரண்டு மாதங்களுக்குப் பின், 2005 மார்ச் 30 நாளிட்ட அரசாணை எண் 172 வீடு எங்குக் கட்டப்படும் என்பதற்கான விதிகளை வகுத்தது. நிதியின் பெரும்பகுதிக்கு உலக வங்கி 2005 மே மாதத்தில் ஒப்புதல் அளித்த 46.5 கோடி டாலர் மதிப்பிலான அவசர மறுகட்டமைப்புத் திட்டமும் துணைநின்றது.

அரசாணை 172இன் உள்ளடக்கத்தை நுணுகி நோக்க வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்த குடும்பங்களுக்கு, அக்கோட்டுக்கு அப்பால் புதிய வீட்டைக் கட்டணமின்றிப் பெறும் ‘தெரிவு’ வழங்கப்பட்டது. செல்ல விரும்பாதோர் இருக்கும் இடத்திலேயே தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம். ஆனால் அரசின் உதவி எதற்கும் அவர்கள் உரியவர்கள் அல்லர். சேதமடையாத வீட்டுக்காரர்களும் விரும்பினால் புதிய வீட்டைப் பெறலாம். புதிய வீட்டைப் பெறுவோர் பழைய வீட்டையும் மனையையும் சட்டப்படி செல்லத்தக்க ஆவணத்தின் வழியே அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வாறு காலியான நிலம் தடையாணைப் பதிவேட்டில் ஏற்றப்பட்டுப் பொதுப் பயன்பாட்டுக்காகப் பேணப்படும்.

எவரும் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்படவில்லை என்பது உண்மை. அரசாணையின் மொழி தெரிவின் மொழியே. ஆனால் படகையும் வலையையும் இழந்து தார் அட்டைக் கொட்டகையில் குழந்தைகளோடு தங்கியிருக்கும் குடும்பத்தின் முன் ஒருபுறம் ஒன்றரை இலட்ச ரூபாய் வீடும், மறுபுறம் எவ்வித உதவியுமின்மையும் வைக்கப்படும்போது அதனைத் தெரிவு எனக் கொள்வது கடினம். குஜராத்தில் மறுப்புக்கு இல்லாத விலை இங்கு ஒரு முழு வீட்டின் மதிப்பாக இருந்தது. இதுவே இரு மறுகட்டமைப்புகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு என்பது இக்கட்டுரையின் கருத்து.

அரசின் தரப்பையும் நேர்மையாகக் கூற வேண்டும். 1991 பிப்ரவரி 19 நாளிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் 200 மீட்டர் வரையிலான பகுதியை வளர்ச்சித் தடை மண்டலமாக்கியிருந்தது. ஏற்கெனவே உரிய அனுமதியோடு இருந்த வீடுகளைப் பழுதுபார்க்க மட்டுமே அங்கு இடமுண்டு. சட்டம் தடுக்கும் இடத்தில் பொதுப்பணத்தைச் செலவிட அரசு தயங்கியதில் பொருள் உண்டு. மீண்டும் ஓர் அலை வந்தால் பொறுப்பேற்க வேண்டியதும் அரசே. ஆயினும் அச்சட்டம் பேரிடர்ப் பாதுகாப்பு அளவையாக இயற்றப்பட்டதன்று. கடற்கரைச் சூழலைக் கட்டுமானங்களிலிருந்து காக்க எழுந்தது. இலங்கை அரசு அதே ஆழிப்பேரலைக்குப் பின் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டரும், தமிழரும் முஸ்லிம்களும் மிகுதியாக வாழும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டரும் இடைவெளி மண்டலமாக அறிவித்துப் பின்னர் அதனைத் தளர்த்தியது. ஒரே கடலுக்கு வெவ்வேறு எண்கள் விதிக்கப்பட்டமை, அவை அலையின் இயல்பிலிருந்து மட்டும் பெறப்பட்டவை அல்ல என்பதைக் காட்டப் போதுமானது.

5. கடலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு

நெய்தல் நிலத்து ஊர்களைப் பாக்கம், பட்டினம் என இலக்கண மரபு வழங்குகிறது. இப்பின்னொட்டுகளைத் தாங்கிய ஊர்கள் சோழமண்டலக் கரை நெடுகிலும் இன்றும் உள்ளன. அவ்வூர்கள் கடலை ஒட்டி அமைந்தமைக்குத் தொழில்சார்ந்த காரணங்கள் உண்டு. இக்கரையில் இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. கட்டுமரமும் அதன் இடத்தைப் பிடித்த ஃபைபர் படகும் அலையை ஊடறுத்து மணற்கரையிலிருந்தே புறப்படுகின்றன, மணற்கரையிலேயே ஏற்றப்படுகின்றன. விடியுமுன் கடலின் நிறத்தையும் நீரோட்டத்தையும் காற்றின் திசையையும் பார்த்தே அன்று செல்வதா, எவ்வலையைக் கொள்வது என்பதை மீனவர் முடிவு செய்கின்றனர். இப்பார்வைக்கு வீட்டு வாசலே இடம்.

வீடு உள்ளே தள்ளிச் செல்லும்போது இம்முடிவுகள் அனைத்துக்கும் கூடுதல் செலவு சேர்கிறது. வெளிப்பொருத்து இயந்திரத்தையும் வலையையும் நாள்தோறும் சுமந்துசெல்ல வேண்டும். அல்லது கரையில் காப்பிடம் வேண்டும். காப்பிடம் இருந்தால் காவல் வேண்டும். கரையேறும் மீனை ஏலத்தில் எடுத்துத் தலைச்சுமையாக விற்கும் பெண்களுக்குத் தொலைவின் சுமை இன்னும் மிகுதி. வீட்டுக்கும் கரைக்கும் இடையே நடந்தபடியே குழந்தையையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டவர்கள், இப்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மீன் காயவைக்கும் மணல் எவர் பட்டாவிலும் இல்லை. ஆதலால் இழப்பீட்டுக் கணக்கிலும் அது இல்லை. செர்னியா குறிப்பிட்ட பொதுவள இழப்பு என்பது இத்தகையதே.

இதனால் இடமாற்றமே கூடாது என்று பொருளன்று. கீச்சாங்குப்பம் போன்ற ஊர்களில் பெற்ற பிள்ளைகளை அலையில் பறிகொடுத்தோர் பலர் மீண்டும் அவ்விடத்தில் உறங்க அஞ்சினர். உள்ளே செல்வதை அவர்களே விரும்பினர். அவ்விருப்பமும் மறுப்பைப் போலவே மதிக்கத்தக்கது. ஆனால் 2005இன் தொடக்க மாதங்களில் அச்சத்தோடு எடுக்கப்பட்ட முடிவு திரும்பப் பெறவியலாத ஆவணமாக எழுதப்பட்டது. துயரம் தணிந்து தொழில் திரும்பிய பின் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை. முடிவெடுக்கப் போதிய காலமும் மறுக்கும் உரிமையின் ஒரு கூறே என்பதை இது உணர்த்துகிறது.

6. வீடும் மரமும்

இடமாற்றப்படாத ஊர்களிலும் சிக்கல் எழுந்தது. மானிடவியலாளர் ஜெனிபர் டைன் பாரென்ஸ்டைன் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் மேற்கொண்ட ஆய்வுகளில், ஒப்பந்ததாரர்வழிக் கட்டுமானத்தின் விளைவுகளை விரிவாகப் பதிவு செய்துள்ளார். ஒரே மாதிரியான கான்கிரீட் வீடுகளை வரிசையாகக் கட்ட வெற்று மனை தேவைப்பட்டது. அதற்காகச் சேதமடையாத பழைய வீடுகளும் நிழல்தரும் மரங்களும் அகற்றப்பட்டன. கீற்றுக் கூரையும் ஓட்டுக் கூரையும் திண்ணையும் கொண்ட வீடு ‘கச்சா’ எனப் பட்டியலிடப்பட்டது. தட்டையான கான்கிரீட் கூரை ‘பக்கா’ எனப்பட்டது. இவ்விரு சொற்களே பாதி முடிவைச் செய்துவிட்டன. வெயில் மிகுந்த கடற்கரையில் தாழ்ந்த கான்கிரீட் கூரையின் கீழ் நண்பகலில் இருக்கவியலாது என்பதை வீட்டில் இருப்போர் அறிவர். தென்னையும் வேம்பும் பூவரசும் நிழல் மட்டும் தருபவை அல்ல. அவற்றின் அடியில்தான் வலை பின்னப்படுகிறது, வழக்குப் பேசப்படுகிறது, பகலுறக்கமும் நிகழ்கிறது.

வேறு வழி இருந்தது என்பதற்குத் தரங்கம்பாடியும் சின்னங்குடியும் சான்று. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவ்வூர்களில் மேற்கொண்ட பணியில் கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் குடும்பங்களோடு கலந்து வீடுகளை வடிவமைத்தார். மாதிரி ஒன்றன்று, பல. மனையின் வடிவம், குடும்பத்தின் அளவு, சமையலிடத்தைப் பற்றிய விருப்பம் ஆகியவற்றுக்கேற்ப வீடுகள் மாறின. ஒன்றரை இலட்ச ரூபாய் வரம்பு எல்லாருக்கும் பொதுவாகவே இருந்தது. எனவே வேறுபாட்டைப் பணத்தால் மட்டும் விளக்கவியலாது. ஒவ்வொரு குடும்பத்தோடும் அமர்ந்து பேச ஒதுக்கிய காலமே முதன்மையான வேறுபாடு. அக்காலச் செலவை நன்கொடையாளர் ஏற்க வேண்டும். புகைப்படத்திற்கு ஏற்ற திறப்பு விழா தள்ளிப்போவதையும் அவர் பொறுக்க வேண்டும்.

7. ‘சமூகம்’ என்பது யார்?

இதுவரை சமூகம் என்னும் சொல்லை ஒருமையாகவே ஆண்டோம். அவ்வொருமையை இனிப் பிரித்துக் காண வேண்டும். சோழமண்டலக் கரையின் பட்டினவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்னும் மரபார்ந்த அமைப்பு வலுவாக உள்ளது. மார்ட்டன் பாவிங்க் முதலிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளபடி, மீன்பிடி முறைகளை ஒழுங்குபடுத்துவது, பூசலைத் தீர்ப்பது, கோயில் விழாவை நடத்துவது, அரசோடு பேசுவது ஆகியன அதன் பணிகள். அலை ஓய்ந்த நாள்களில் உடல்களைத் தேடுவதிலும், வந்து குவிந்த நிவாரணப் பொருள்களைப் பகிர்வதிலும் இவ்வமைப்பே முன்னின்றது. 2005 சனவரித் தொடக்கத்தில் மாவட்ட நிருவாகமும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து நாகையில் அமைத்த ஒருங்கிணைப்பு மையமும் ஊர்ப் பஞ்சாயத்துகளின் வழியாகவே ஊர்களை அணுக முடிந்தது. இத்தகைய அமைப்பு இல்லாத பகுதிகளில் மறுகட்டமைப்பு தடுமாறியதை ஒப்பிட்டால் இதன் மதிப்பு விளங்கும்.

ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தின் உறுப்புரிமை ஊர்வரி செலுத்தும் ஆண்களுக்கு உரியது. பங்கீட்டின் அலகு அவர்கள் தலைமையிலான குடும்பம். கணவனை அலையில் இழந்த பெண், மணமாகாமல் தனித்து வாழும் பெண் ஆகியோர் தம் பங்குக்கு ஆண் உறவினரைச் சார வேண்டியிருந்தது. புதிய வீட்டின் உரிமை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என அரசு விதித்தது. இது பஞ்சாயத்து தானாகச் செய்திருக்கக்கூடிய ஒன்றன்று. ஊர் தராத உரிமையை அரசாணை தந்தது என்பதையும் ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடற்கரையில் வாழ்வோர் அனைவரும் கடலில் தொழில் செய்வோர் அல்லர். உப்புநீர் புகுந்த வயல்களில் கூலிவேலை இழந்த தலித் உழவுத் தொழிலாளர்கள், கழிமுகங்களில் கையால் இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் ஆகியோர் எந்த ஊர்ப் பஞ்சாயத்தின் வரிப்பட்டியலிலும் இல்லை. மீனவருக்கு வீடு கட்ட வாங்கப்பட்ட உள்நிலம் பல இடங்களில் இவர்கள் வேலை செய்த வயலாகவே இருந்தது. ஒரு சமூகத்தின் மீட்சி மற்றொன்றின் வேலையிழப்பாக மாறக்கூடும் என்பதை ‘சமூகவழி’ என்னும் இனிய சொல் மறைத்துவிடக் கூடாது. ஆகவே மறுக்கும் உரிமை என்பதை ஊருக்கு மட்டுமன்றி, ஊருக்குள் உள்ள குடும்பத்திற்கும், குடும்பத்திற்குள் உள்ள பெண்ணுக்கும் உரியதாக வகுக்க வேண்டும்.

8. காலியான கரை

இடமாற்ற ஆய்வுகள் பெரும்பாலும் மக்கள் சென்ற இடத்தையே ஆராய்கின்றன. அவர்கள் விட்டுவந்த இடத்தை ஆராய்வன குறைவு. நாகப்பட்டினத்தில் இது முதன்மையான வினா. பழைய மனை அரசிடம் சென்றது. பொதுப் பயன்பாடு என்பதன் வரையறை அரசாணையில் விரிக்கப்படவில்லை. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் மீனவருக்கு இருந்த வழக்குரிமை, உரிமைப் பதிவாக எழுதப்படவில்லை.

இதற்கிடையே சட்டத்தின் அளவுகோல் மாறிற்று. 2011 சனவரி 6 நாளிட்ட அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையே மரபார்ந்த கடலோரச் சமூகங்களின் குடியிருப்புகளை அனுமதிக்க வழி செய்தது. 2019 சனவரி 18 நாளிட்ட அறிவிக்கை மேலும் ஒரு படி சென்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரையில், உரிய கலந்தாலோசனையோடு கடற்கரை மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்றபின் வளர்ச்சித் தடை மண்டலம் 50 மீட்டராகக் குறையும் என்றது. எந்த 200 மீட்டரை முன்னிட்டுக் குடும்பங்கள் தம் மனையை எழுதிக்கொடுத்தனவோ, அந்த 200 மீட்டர் பதினைந்து ஆண்டுகளுக்குள் நெகிழத் தொடங்கியது. எழுதிக்கொடுத்த ஆவணம் மட்டும் நெகிழவில்லை. விதி தளரும்போது முதலில் பயன்பெற வேண்டியவர் அவ்விதியால் இடம்பெயர்ந்தவரே என்னும் எளிய நீதி எந்த அறிவிக்கையிலும் இடம்பெறவில்லை.

புதிய குடியிருப்புகளிலும் காலம் நகர்ந்துவிட்டது. 2005இல் தனிக் குடும்பத்திற்கெனக் கட்டப்பட்ட 325 சதுர அடி வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து மணம் முடித்தபின் இரண்டு, மூன்று குடும்பங்கள் வாழ்கின்றன. பழைய ஊரில் மகனுக்கு அருகிலேயே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக்கொடுக்க இடமிருந்தது. வரிசை வீட்டில் அது இல்லை. மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமாகப் பிரிந்து, தரங்கம்பாடி அதனுள் சென்றுவிட்டது. ஆவணங்களைத் தேடும் அலுவலகமும் மாறிவிட்டது. ஆனால் ‘சுனாமிக் குடியிருப்பு’ என்னும் பெயர் மட்டும் மாறவில்லை. ஓர் ஊர் தன் பெயரைப் பெறாமல் தன்னைத் தாக்கிய பேரிடரின் பெயராலேயே இரண்டு பத்தாண்டுகளாக அழைக்கப்படுவது, மீள்குடியமர்வு இன்னும் நிறைவுறவில்லை என்பதற்கான மொழிச் சான்றாகும்.

9. ஆய்வுக்குரிய அளவுகோல்கள்

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து, ஒரு மறுகட்டமைப்புத் திட்டம் சமூகவழிப்பட்டதா என்பதை அறிய ஐந்து வினாக்களைத் தொகுக்கலாம்.

முதலாவது, இடமாற்றத்தை மறுக்கும் குடும்பம் எதை இழக்கிறது? அது வீட்டுதவியையே இழக்குமாயின், அங்குப் பங்கேற்பு என்பது பெயரளவில் மட்டுமே.

இரண்டாவது, முடிவெடுக்க எவ்வளவு காலம் வழங்கப்பட்டது? அம்முடிவை மாற்றிக்கொள்ள வழி இருந்ததா?

மூன்றாவது, ஊரின் பெயரால் ஒப்பமிட்டவர் யார்? ஒப்பமிட உரிமையற்றிருந்தோர் யாவர்?

நான்காவது, பட்டாவில் இல்லாத பயன்பாடுகள் எவையெவை கணக்கில் கொள்ளப்பட்டன? மணற்கரை, மரநிழல், நடைபாதை, வலைக்கூடம் ஆகியன இதில் அடங்கும்.

ஐந்தாவது, விட்டுவந்த நிலம் இப்போது யார் கையில் உள்ளது? எதற்குப் பயன்படுகிறது?

இவ்வினாக்களுக்கு வீடுகளின் எண்ணிக்கையைக் கூறும் அறிக்கைகள் விடை தாரா. ஊர்ப் பஞ்சாயத்தின் கணக்கேடு, வருவாய்த்துறையின் தடையாணைப் பதிவேடு, பெண்களின் வாய்மொழி வரலாறு ஆகிய மூன்றையும் இணைத்து வாசிக்கும் கள ஆய்வுகள் தேவை. அலையை நேரில் கண்ட தலைமுறை முதுமையை எய்திவருவதால் இப்பணி விரைந்து மேற்கொள்ளத்தக்கது.

10. முடிவுரை

நாகப்பட்டினத்தில் அரசும் தொண்டு நிறுவனங்களும் செய்த பணி சிறிதன்று. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கான்கிரீட் வீடுகளைப் பெற்றன. பெண்களின் பெயர் முதன்முறையாக வீட்டுப் பத்திரத்தில் ஏறியது. குறைபாடு முயற்சியின்மையால் நேர்ந்ததன்று. வீடு கொடுப்பதையும் நிலத்தை விடுவதையும் ஒரே ஆவணத்தில் கட்டியதே அடிப்படைக் குறை. அவ்விரண்டையும் பிரித்திருந்தால், உள்ளே செல்ல விரும்பியோர் சென்றிருப்பர். கரையில் இருக்க விரும்பியோர் உறுதியான வீட்டோடும் எச்சரிக்கை அமைப்போடும் புயல் பாதுகாப்பு மையத்தோடும் இருந்திருப்பர். இரு சாராரும் சமூகமாகவே இருந்திருப்பர்.

கடல்மட்ட உயர்வும் கரையரிப்பும் மிகுந்துவரும் இக்காலத்தில் இடமாற்றம் இனி அலைக்குப் பின் மட்டும் எழும் வினாவாக இராது. அலைக்கு முன்னரே எழும். அப்போதும் யாரோ ஒருவர் வரைபடத்தில் ஒரு கோட்டை வரைவார். அக்கோட்டைக் கடக்க மாட்டேன் என்று கூறும் குடும்பத்திற்கும் ஒரு கூரையை உறுதிசெய்யும் கொள்கையையே சமூகவழிப்பட்டது எனக் கொள்ளலாம்.